ரேஸ் கேட்டமரானில் வேகம் கூட்டுவது எப்படி: பாய்க்கயிறும் சுக்கானும்

கேட்டமரான் பந்தயத்தில் புதிதாக இறங்குபவர்கள் பின்தங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் உடல்பலக் குறைவோ பழைய பாயோ அல்ல. இரண்டு பழக்கங்கள்தான் காரணம். காற்று வரும் திசையை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கிப் படகைப் பிடிப்பது ஒன்று. பாயை இறுக்க இறுக்க வேகம் வரும் என்று நம்பி, கயிற்றை முழுதும் இழுத்துப் பூட்டிவிட்டு அதை மறந்துவிடுவது இன்னொன்று. அடியில் கனமான கீல் (நீருக்குள் இறங்கி நிற்கும் நிலைத்தகடு) உள்ள பெரிய படகு இவற்றை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கேட்டமரான் பொறுத்துக்கொள்ளாது, உடனே வேகத்தை இழக்கும், பிறகு பக்கவாட்டில் சறுக்கத் தொடங்கும்.

இங்கே பேசுவது இரண்டு மிதவைகளைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து, நடுவே டிராம்போலின் துணி கட்டிய பந்தயப் படகைப் பற்றி. மீனவர்களின் கட்டுமரம் வேறு. விளக்கத்துக்கு ஹோபி 16-ஐ எடுத்துக்கொள்கிறோம். கலிபோர்னியக் கடற்கரைகளில் அலைகளுக்கு நடுவே இறக்கவும் ஏற்றவும் தோதாக 1960-களின் இறுதியில் ஹோபி ஆல்டரும் ஃபில் எட்வர்ட்ஸும் வடிவமைத்த படகு இது. நீளம் சுமார் 5 மீட்டர், அகலம் 2.41 மீட்டர், எடை 145 கிலோ. இருவர் ஓட்டுவது. உலகெங்கும் கேட்டமரான் பழகுபவர்களில் ஏராளமானோர் தொடங்குவது இதில்தான். 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் இருந்த டொர்னாடோ, 2016-இல் ஒலிம்பிக்குக்கு வந்த நாக்ரா 17 போன்றவற்றில் கூடுதல் வசதிகள் உண்டு. ஆனால் கீழே வரும் அடிப்படைகள் அவற்றுக்கும் பெருமளவு பொருந்தும்.

படகு உணரும் காற்று

காற்றே அசையாத மாலையில் பைக் ஓட்டினாலும் முகத்தில் காற்று அடிக்கும். ஓடும் படகுக்கும் அதேதான். கரையில் நிற்பவர் உணர்வது உண்மைக் காற்று. படகின் ஓட்டத்தால் எதிரே உருவாகும் காற்றும் அதனுடன் சேர்ந்து பாயில் மோதுவது உணர்காற்று. பாய்க்குத் தெரிந்தது உணர்காற்று மட்டுமே.

ஒரு கணக்கு. உண்மைக் காற்று 10 நாட் வேகத்தில் படகின் பக்கவாட்டில், அதாவது 90 பாகையில் வீசுகிறது. (1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.) படகும் 10 நாட் வேகத்தில் ஓடுகிறது. அப்போது பாயில் மோதும் காற்று 14 நாட். அது வரும் கோணம் மூக்கிலிருந்து 45 பாகை. படகு வேகமெடுத்ததும் காற்று வலுத்திருக்கிறது, முன்பக்கமாகவும் நகர்ந்திருக்கிறது. படகு 5 நாட்டுக்கு இறங்கினால் உணர்காற்று சுமார் 11 நாட் ஆகிவிடும். கோணம் 63 பாகைக்குப் பின்வாங்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. வேகம் வேகத்தை வளர்க்கிறது. ஆகவே கேட்டமரானில் வேகத்தை இழப்பதன் விலை அதிகம். அடுத்தது, படகின் வேகம் மாறும்போதெல்லாம் காற்றின் கோணமும் மாறுவதால், ஒரே இடத்தில் பூட்டிவைத்த பாய் பெரும்பாலான நேரம் தவறான கோணத்தில்தான் நிற்கும். பெரிய பாயை இழுக்கும் மெயின்ஷீட் கயிறு கையில் இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுதான்.

ஹோபி 16 போன்ற படகுகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இதன் அடியில் கத்திப் பலகை கிடையாது. பக்கவாட்டுச் சறுக்கலைத் தடுப்பது மிதவைகளின் வடிவம்தான்: வெளிப்பக்கம் தட்டையாகவும் உள்பக்கம் வளைவாகவும் இருக்கும். நீர் அந்த வளைவைக் கடந்து ஓடும்போது, காற்றுக்கு மறுபக்கம் உள்ள மிதவை படகைக் காற்றின் பக்கமாக இழுத்துப் பிடிக்கிறது. இந்த இழுவை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே அளவு சாய்வில் வேகம் பாதியானால் பிடி நான்கில் ஒரு பங்காகக் குறையும். மெதுவாகப் போகும் ஹோபி 16 மூக்கைக் காற்றுக்கு அருகே வைத்திருப்பதுபோல் தோன்றினாலும் உண்மையில் நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருக்கும்.

எந்தக் கயிறு எதை மாற்றுகிறது

பெரிய பாயில், அதாவது மெயினில், கவனிக்க வேண்டியவை அதன் கோணம், முறுக்கம், வயிற்றின் (காற்றில் உப்பும் பகுதியின்) ஆழம். முறுக்கம் என்பது பாயின் மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிட எவ்வளவு வெளியே திறந்திருக்கிறது என்பது. கடல்மட்டத்தைவிட மேலே காற்றின் வேகம் கூடுதல் என்பதால் அங்கே உணர்காற்று சற்றுப் பின்கோணத்தில் வரும். ஆகவே கொஞ்சம் முறுக்கம் எப்போதும் வேண்டும்.

புதியவர்கள் மிகவும் குழம்பும் இடம் மெயின்ஷீட்டும் டிராவலரும். ஒற்றை மிதவைப் படகில் மெயின்ஷீட்டை இழுத்தால் பாய் உள்ளே வரும். கேட்டமரானிலோ பின்சட்டம் அகலமானது. டிராவலர் கப்பி அதன் மீது பக்கவாட்டில் ஓடுகிறது. பாயின் அடிவிளிம்பை ஒட்டிய கிடைக்கம்பான பூம் ஏற்கெனவே கப்பிக்கு நேர் மேலே வந்துவிட்ட பிறகு மெயின்ஷீட்டை இழுத்தால் அது பாயை உள்ளே கொண்டுவராது. பூமைக் கீழே இழுக்கும். பாயின் பின்விளிம்பான லீச் இறுகும், முறுக்கம் குறையும். கோணத்தை மாற்ற டிராவலர், முறுக்கத்தை மாற்ற மெயின்ஷீட் என்று மனத்தில் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஹோபி 16-இல் பரவலாக உள்ள மெயின்ஷீட் கப்பித் தொகுப்பு 6-க்கு 1. கையில் 20 கிலோ இழுவை கொடுத்தால், உராய்வைக் கழித்தும் 100 கிலோவுக்கு அருகே பூமைக் கீழே இழுக்கும். இவ்வளவு பலம் கையில் இருப்பதால்தான் தேவைக்கு மேல் இறுக்கிவிடுவது இங்கே இவ்வளவு எளிதாக நடக்கிறது.

வயிற்றின் ஆழத்தை மாற்றுபவை டவுன்ஹால், அவுட்ஹால், பேட்டன் கட்டு ஆகியவை. டவுன்ஹால் முன்விளிம்பை (லஃப்) கீழ்நோக்கி இழுக்கிறது. மிதமான காற்றில் பாய்மரத்தை ஒட்டித் தெரியும் கிடைமட்டச் சுருக்கங்கள் மறையும் வரை இழுத்தால் போதும். காற்று கூடக் கூட இன்னும் இழுக்கலாம். வயிறு முன்னோக்கி நகரும், மேல்பகுதி தட்டையாகித் திறக்கும். அவுட்ஹால் பாயின் அடிப்பகுதி ஆழத்தை மட்டும் மாற்றும். பேட்டன்கள் பாயின் குறுக்கே முழு நீளத்துக்கும் செருகிய பட்டைக் கம்புகள். அவற்றைக் கட்டும் கயிற்றை இறுக்கினால் பாயின் வயிறு ஆழமாகும். பேட்டன் உறையில் செங்குத்துச் சுருக்கங்கள் மறையும் அளவு இறுக்கம் எல்லாக் காற்றுக்கும் நல்ல தொடக்கம்.

முழுநீள பேட்டன்களால் ஒரு சங்கடம் உண்டு. சாதாரணப் பாயில் கோணம் தவறினால் முன்விளிம்பு படபடக்கும். கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். பேட்டன் போட்ட மெயின் தவறான கோணத்திலும் அமைதியாக, அழகான வடிவத்தில் நிற்கும். வேலை செய்யாத பாயும் வேலை செய்வதுபோலவே தோற்றமளிக்கும். ஆகவே இந்தப் படகில் பாயில் ஒட்டிய டெல்டேல் நூல்களின் அசைவைப் படிக்கக் கற்காமல் முன்னேற வழியில்லை.

டெல்டேல் நூல்களைப் படிப்பது

டெல்டேல் என்பது பாயின் இருபுறமும் ஒட்டிய கம்பளி நூல் அல்லது மெல்லிய நாடாத் துண்டு, 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளம். ஜிப்பில், அதாவது முன்னுள்ள சிறிய பாயில், முன்விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, கீழ், நடு, மேல் என மூன்று உயரங்களில் ஒட்டுங்கள். இருபுற நூல்களையும் வேறு வேறு நிறத்தில் வைத்தால் துணியின் ஊடே எளிதாகப் பிரித்துப் பார்க்கலாம். தையலின் மேல் ஒட்டாதீர்கள். நூல் அதில் சிக்கிக்கொண்டு பொய் சொல்லும்.

இருபுறமும் நூல்கள் பின்னோக்கி நேராக ஓடினால் காற்று பாயில் ஒட்டி ஓடுகிறது. காற்றுப்பக்க நூல் துடித்தால் படகு காற்றை அதிகம் நெருங்கிவிட்டது, அல்லது பாய் தளர்வாக இருக்கிறது. மறுபக்க நூல் துடித்தாலோ தொங்கினாலோ படகு அதிகம் விலகிவிட்டது, அல்லது பாய் தேவைக்கு மேல் இறுகிவிட்டது. எதிர்காற்றில் ஜிப் கயிறு பெரும்பாலும் ஒரே நிலையில் இருக்கும் என்பதால் திருத்தம் சுக்கானில். நினைவில் வைக்க எளிய விதி: எந்தப் பக்க நூல் துடிக்கிறதோ அந்தப் பக்கமாக டில்லரை (சுக்கானைத் திருப்பும் கைக்கம்பை) கொஞ்சம் நகர்த்துங்கள். பக்கக்காற்றிலோ போக வேண்டிய திசை நிலையானது. அங்கே திருத்தம் கயிற்றில்.

இரண்டு தவறுகளில் மறுபக்க நூல் தொங்குவதுதான் கூடுதல் ஆபத்து. பாயை முன்னோக்கி இழுக்கும் சக்தியின் பெரும்பங்கு மறுபக்கம் ஒட்டி ஓடும் காற்றில் இருக்கிறது. அது பிரிந்தால் படகு சாயும், சறுக்கும், ஆனால் முன்னே போகாது. படகு சாய்வதால் வேகமாகப் போவதுபோன்ற உணர்வும் வரும். அந்த உணர்வை நம்பாதீர்கள்.

மூன்று உயரங்களும் ஒன்றாகத் துடிக்கின்றனவா என்றும் பாருங்கள். மேல் காற்றுப்பக்க நூல் முதலில் துடித்தால் ஜிப்பின் மேல்பகுதி அதிகம் திறந்திருக்கிறது. பின்விளிம்பைக் கீழே இழுக்கும்படி கயிற்றின் கோணத்தை மாற்ற வேண்டும். பல படகுகளில் இதற்காகக் கப்பியை முன்னே நகர்த்துவார்கள். ஹோபி 16-இல் ஜிப்பின் பின்மூலைத் தகட்டில் உள்ள துளைகளில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம்.

மெயினில் முக்கியமான நூல், மேலிருந்து முதல் அல்லது இரண்டாம் பேட்டனின் கடைசியில், பின்விளிம்பில் தொங்குவது. அது பெரும்பாலான நேரம் வெளியே ஓட வேண்டும். பாய்க்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டால் மெயின்ஷீட்டைச் சற்று விடுங்கள். 5 சென்டிமீட்டர்கூடச் சில நேரம் போதும்.

எதிர்காற்று: முதலில் வேகம், பிறகு நெருக்கம்

காற்று வரும் திசையில் உள்ள மிதவைக்குறியை அடைய வளைந்து வளைந்துதான் போக வேண்டும். எவ்வளவு நெருங்குவது? ஒரு படகு உண்மைக் காற்றுக்கு 43 பாகையில் 7.5 நாட் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். குறியை நோக்கிய அதன் முன்னேற்றம் 5.5 நாட். இன்னொன்று 50 பாகையில் 10 நாட் வேகத்தில் போகிறது. அதன் முன்னேற்றம் 6.4 நாட். மூக்கு விலகிய படகே முதலில் போய்ச் சேரும். முதல் படகின் சறுக்கலைக் கணக்கில் சேர்க்காமலேயே இந்த வித்தியாசம்.

ஆகவே புறப்படும்போதும், ஒவ்வொரு திருப்பத்துக்குப் பின்னும், அலையில் அடிபட்டு வேகம் இழந்தபோதும் ஒரே வரிசையைப் பின்பற்றுங்கள். மூக்கைச் சில பாகை விலக்கி, மெயின்ஷீட்டை 20 முதல் 30 சென்டிமீட்டர் தளர்த்தி வையுங்கள். வேகம் ஏற ஏற உணர்காற்று முன்னே வரும். அதற்கேற்பக் கயிற்றை இழுங்கள். முழு இழுவைக்கு வந்த பிறகே, காற்றுப்பக்க நூல் எப்போதாவது மெல்லத் துள்ளும் வரை நெருங்குங்கள். வேகமே இல்லாதபோது முழுக்க இழுத்துக்கொண்டு நெருங்கப் பார்ப்பவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பார்.

காற்றுப்பக்க மிதவை நீரை உரசியும் உரசாமலும் இருப்பது நல்ல நிலை. அந்த மிதவையின் வளைவும் உள்பக்கம்தான். ஆகவே அது மறுபக்க மிதவைக்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. அதைச் சற்றே தூக்கிவிட்டால் உராய்வும் குறையும், அந்த எதிரிழுப்பும் போகும். ஒரு மீட்டர் உயரத்தில் பறப்பது படத்துக்கு அழகு. பந்தயத்தில் நட்டம். பாய் சாய்ந்து சக்தி வீணாகும், அடுத்த காற்றடிப்புக்கு இடமும் இருக்காது.

மென்காற்றில், 5 நாட்டுக்குக் கீழே, பாய் தளர்ந்திருக்க வேண்டும். மெயின்ஷீட்டை நன்றாக விட்டு மேல்பகுதியைத் திறந்து வையுங்கள். வலுவற்ற காற்று ஆழமான வளைவில் ஒட்டி ஓடாது, பிரிந்துவிடும். இருவரும் முன்னே போய்ப் பின்முனைகளை நீரிலிருந்து தூக்குங்கள். நீரில் இழுபடும் பின்முனை பின்னால் சுழலை உண்டாக்கிப் படகைப் பிடித்துக்கொள்ளும். துணையாக இருப்பவர், அதாவது க்ரூ, மறுபக்கம் உட்காரலாம். பூனைபோல் நகருங்கள்: ஒருவர் தொப்பென்று உட்கார்ந்தால் பாயில் ஒட்டியிருந்த காற்று உதறிப்போகும், அதை மீண்டும் ஒட்டவைக்கப் பல விநாடிகள் ஆகும்.

8 முதல் 14 நாட் வரை முழுச் சக்தி வேண்டிய காலம். டிராவலர் நடுவில், மெயின்ஷீட் நல்ல இறுக்கத்தில், மேல் நூல் ஓடும் எல்லையில். முதலில் க்ரூ, பிறகு சுக்கான் பிடிக்கும் ஸ்கிப்பர் என, பாய்மரத்திலிருந்து தொங்கும் டிரப்பீஸ் கம்பியில் மாட்டிக்கொண்டு படகுக்கு வெளியே போவார்கள்.

காற்று கூடும்போது கணக்கு

ஹோபி 16 பந்தய விதிப்படி இருவரின் மொத்த எடை குறைந்தது ஏறத்தாழ 129 கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் எடை ஏற்ற வேண்டும். படகோ 145 கிலோ. ஓட்டுபவர்கள் கிட்டத்தட்டப் படகின் எடைக்கு இருப்பதால் அவர்கள் உட்காரும் இடமே ஒரு பெரிய கட்டுப்பாட்டுக் கருவி.

மறுபக்க மிதவையை அச்சாக வைத்துப் பாருங்கள். படகின் எடை அதிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே தள்ளிச் செயல்படுகிறது. 130 கிலோ எடையுள்ள இருவர் காற்றுப்பக்க மிதவையில் உட்கார்ந்தால் சுமார் 2.2 மீட்டர். இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் ஏறத்தாழ 440 (கிலோ × மீட்டர்). இருவரும் டிரப்பீஸில் போனால் உடலின் மையம் இன்னும் ஒரு மீட்டர் வெளியே போகும்: 570. ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் தாங்கும் திறன். இலவசமாகக் கிடைக்கும் சக்தி இது. காற்றுப்பக்க மிதவை எழத் தொடங்கியதுமே வெளியே போய்விடுங்கள்.

ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 10 நாட் காற்று 12 ஆனாலே அழுத்தம் 44 சதவீதம் ஏறிவிடும். 30 சதவீதம் கூடுதல் திறன் 10 நாட்டை 11.4 நாட் வரை மட்டுமே சமாளிக்க உதவும். அதற்கு மேல் பாயின் சக்தியைக் குறைக்காமல் வழியில்லை. வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் டவுன்ஹாலைப் பலமாக இழுத்து மேல்பகுதியைத் தட்டையாக்குங்கள், அவுட்ஹாலையும் இறுக்குங்கள். அடுத்து டிராவலரை நடுவிலிருந்து 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை வெளியே விடுங்கள். ஜிப்பின் டிராவலரையும் அதற்கேற்பச் சற்று வெளியே. ஜிப்பை உள்ளேயே வைத்துவிட்டால் இரண்டு பாய்களுக்கும் இடையிலுள்ள வழி குறுகி, ஜிப்பிலிருந்து வரும் காற்று மெயினின் முதுகில் மோதும்.

காற்றடிப்பு வரும்போது கடல் பரப்பு கருத்துச் சிலிர்ப்பது தெரியும். அது படகைத் தொடும் கணத்திலேயே மெயின்ஷீட்டை ஒரு சாண் விட்டு, மூக்கைச் சற்றே காற்றை நோக்கி விடுங்கள். அடிப்பின் முதல் விளைவாக உணர்காற்று பின்னே நகர்வதால் அந்த நெருக்கம் இலவசமாகக் கிடைக்கிறது. படகு வேகமெடுத்ததும் விட்ட கயிற்றைத் திரும்ப இழுங்கள். மிதவை எழும் வரை காத்திருந்து பிறகு ஒரு மீட்டர் கயிற்றை உதறிவிடுவதுதான் புதியவர்கள் செய்வது. மிதவை தடாலென்று விழும், வேகம் போகும், மீண்டும் முதலிலிருந்து.

காற்று சட்டென்று அடங்கும்போது எதிர்மாறாக நடக்கும். உணர்காற்று முன்னே வரும், காற்றுப்பக்க நூல்கள் துடிக்கும். காற்றின் திசை மாறிவிட்டது என்று எண்ணி உடனே படகை வளைத்துத் திருப்பிவிடாதீர்கள். கொஞ்சம் விலகி, கயிற்றைத் தளர்த்திச் சில விநாடி பாருங்கள்.

சுக்கான்

திரும்பிய சுக்கான் என்பது நீரில் இறக்கிய பிரேக். டில்லர் நீட்டுக்கம்பை விரல்களால் பிடியுங்கள், முஷ்டியால் அல்ல. முஷ்டியால் பிடிப்பவர் ஒவ்வோர் அலைக்கும் அறியாமல் சுக்கானை அசைக்கிறார். கயிற்றாலும் உடல் எடையாலும் படகைத் திருப்ப முடிந்தபோதெல்லாம் அப்படியே திருப்புங்கள்: மெயினை இழுத்தால் மூக்கு காற்றை நோக்கிப் போகும், விட்டால் விலகும். விலகத் திருப்பும்போது மெயின்ஷீட்டை விடாமல் டில்லரோடு மட்டும் மல்லுக்கட்டினால் சுக்கான் குறுக்கே நின்று நீரைக் கலக்கும், படகு திரும்பாது.

டில்லர் கையை விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது சுக்கான் தகடு முழுவதும் இறங்கிப் பூட்டியிருக்கிறதா என்பதை. ஹோபியின் சுக்கான்கள் கரையில் தட்டினால் மேலே மடங்கும் வகை. அரைகுறையாக மடங்கிய தகடு கையில் பெரும் பாரமாக இருக்கும். அது சரியென்றால் மெயின் தேவைக்கு மேல் இறுகியிருக்கிறதா, பாய்மரம் அதிகம் பின்சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மிக லேசான இழுப்பு இருப்பது நல்லது. படகு என்ன செய்கிறது என்று விரலுக்குச் சொல்லும்.

இரண்டு சுக்கான்களும் இணையாக நிற்க வேண்டும். தகடுகளை இறக்கி, அவற்றின் முன்விளிம்புகளுக்கு இடையிலும் பின்விளிம்புகளுக்கு இடையிலும் உள்ள தூரத்தை ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள். முன்தூரம் சமமாகவோ 3 மில்லிமீட்டர் வரை குறைவாகவோ இருக்கலாம். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துக்கொண்டே பந்தயம் முழுக்க ஓடும். இணைப்புக் கம்பின் நீளத்தை மாற்றி இதைச் சரிசெய்யலாம். பாயைத் திருத்துவதில் மணிக்கணக்கில் செலவிடும் பலர் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்வதில்லை.

பின்காற்று: நேராகப் போகாதீர்கள்

காற்று போகும் திசையிலேயே குறி இருந்தால் நேராகப் போவதுதான் குறுக்குவழி என்று தோன்றும். 12 நாட் காற்றில் நேராகப் பின்காற்றில் போனால், படகு வேகமெடுக்க எடுக்கப் பாயில் படும் காற்று குறைந்துகொண்டே வரும். 5 நாட் வேகத்தில் பாய்க்கு மிஞ்சுவது 7 நாட் மட்டுமே. அதே காற்றில் நேர்ப்பாதையிலிருந்து 45 பாகை விலகி 10 நாட் வேகத்தில் போகும் படகுக்கு உணர்காற்று 8.6 நாட், அது ஏறத்தாழப் பக்கவாட்டிலிருந்து, 80 பாகையில் வருகிறது. குறியை நோக்கிய முன்னேற்றம் 7.1 நாட். நேராகப் போகும் படகு அதே 7.1 நாட்டை எட்ட வேண்டுமானால் மிஞ்சும் 4.9 நாட் காற்றை வைத்து எட்ட வேண்டும். நடக்காது.

எந்தக் கோணம் சரி என்று அறிய, முன்பக்கம் இரண்டு மிதவைகளிலிருந்தும் வரும் பிரைடில் கம்பியில் கட்டிய காற்றுக்காட்டியைப் பாருங்கள். ஸ்பின்னக்கர் (பின்காற்றுக்கான பெரிய உப்பிய பாய்) இல்லாத ஹோபி 16-இல் அது படகுக்குக் குறுக்கே, 90 பாகைக்கு அருகே நிற்கும்படி ஓட்டுவது நல்ல விதி. டிராவலரை முழுதும் வெளியே விடுங்கள். ஜிப்பையும் வெளியே விட்டு நூல்கள் ஓடும்படி கையில் பிடித்திருங்கள். பாய்மரம் சுழலும் வகை என்பதால் அது காற்றை நோக்கி முழுதும் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். மென்காற்றில் திரும்ப மறுத்தால் கையால் தள்ளிவிடலாம். மரமும் பாயின் மறுபக்கமும் ஒரே வளைவாகத் தெரிய வேண்டும்.

காற்றடிப்பு வந்தால் இங்கே விலக வேண்டும். எதிர்காற்றில் செய்ததற்கு நேர்மாறு. படகு வேகமெடுத்ததும் உணர்காற்று முன்னே வரும், அதைப் பயன்படுத்தி மூக்கைக் குறியை நோக்கி இறக்குங்கள். காற்று அடங்குவதுபோல் தெரிந்தால், வேகம் முழுதும் போகும் முன் சற்று நெருங்கி அதைக் காப்பாற்றுங்கள். வேகம் போன பிறகு நெருங்கினால் மீட்க இரட்டிப்பு நேரம் ஆகும்.

வலுத்த காற்றில் ஹோபி 16-இன் பெரிய அபாயம் மறுபக்க மிதவையின் மூக்கு நீருக்குள் புதைந்து படகு குட்டிக்கரணம் அடிப்பது. அதன் முன்முனைகள் ஒல்லியானவை. புதைந்தபின் மீட்க மிதப்பு போதாது. முன்மேல் தளத்தில் நீர் ஏறத் தொடங்கினால் இருவரும் பின்மூலைக்கு நகர்ந்து கயிறுகளைத் தளர்த்துங்கள். டில்லரை வெடுக்கென்று இழுக்காதீர்கள். காற்று வரும் திசையிலுள்ள குறியைச் சுற்றித் திரும்பும் இடத்தில்தான் இது அதிகம் நடக்கிறது: திரும்பத் தொடங்கும் முன்பே எடையைப் பின்னே கொண்டுபோய், டிராவலரையும் மெயின்ஷீட்டையும் விட்டுவிட்டு, நடுவில் தயங்கி நிற்காமல் ஒரே வீச்சில் திருப்பி முடியுங்கள். முழுச் சக்தியோடு பக்கக்காற்றில் நிற்கும் அந்தச் சில விநாடிதான் ஆபத்தானது.

காற்றைக் கடந்து திரும்புதல்

டாக், அதாவது மூக்கைக் காற்றின் ஊடே திருப்புவது, கேட்டமரானுக்கு வராத கலை என்று சொல்வார்கள். வேகத்தோடு தொடங்கினால் வரும். மெயினை நன்றாக இழுத்த நிலையில், நல்ல ஓட்டத்தில், டில்லரை முதலில் மெதுவாகவும் மூக்கு திரும்பத் திரும்ப முழுதாகவும் தள்ளுங்கள். எடுத்ததும் முழுக்கத் தள்ளினால் பிரேக் போட்டதாகிவிடும். ஜிப்பை விட்டுவிடாதீர்கள்: மூக்கு காற்றைத் தாண்டும்போது பழைய பக்கமே கட்டியிருக்கும் ஜிப்பில் காற்று எதிர்ப்புறமாகப் பட்டு மூக்கைத் தள்ளிக்கொடுக்கும். மூக்கு நேரே காற்றில் நிற்கும் கணத்தில் மெயின்ஷீட்டை அரை மீட்டருக்கு மேல் விடுங்கள். இறுகிய மெயின் காற்றுத்திசைகாட்டியின் வால்போல் படகைத் திரும்பக் காற்றிலேயே நிறுத்திவிடும். மூக்கு தெளிவாகத் தாண்டியதும் ஜிப்பை மாற்றி, டில்லரை நடுவுக்குக் கொண்டுவந்து, வேகம் ஏறிய பிறகு மெயினை இழுங்கள்.

நடுவில் நின்றுவிட்டால் பதறாதீர்கள். மெயின்ஷீட்டை முழுதும் விட்டு, ஜிப்பைப் பழைய பக்கம் இழுத்துப் பிடியுங்கள். படகு மெல்லப் பின்னே போகத் தொடங்கும். பின்னோக்கிப் போகும்போது சுக்கானின் வேலை தலைகீழ்: மூக்கு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே டில்லரைத் தள்ளுங்கள்.

கரையில் முடிக்க வேண்டியவை, பயிற்சி

ஹோபி 16-இல் பாய்மரத்தின் பின்சாய்வை, எதிர்காற்றில் மெயினை முழுதும் இழுத்தால் மேல்கப்பியும் கீழ்க்கப்பியும் ஏறத்தாழத் தொடும் அளவில் வைப்பது வழக்கம். கப்பிகள் அதற்கு முன்பே முட்டிக்கொண்டால் லீச்சை இறுக்க வழி இல்லாமல் போகும். சாய்வைக் குறைக்க வேண்டும். ஜிப் ஏற்றும் கயிற்றை நன்றாக இறுக்குங்கள். இந்தப் படகில் பாய்மரத்தை முன்னே பிடித்திருப்பது ஓடும்போது ஜிப்பின் முன்விளிம்புக் கம்பிதான். முன்கம்பி தளர்ந்து ஆடும். ஜிப் முன்விளிம்பு தொய்ந்தால் பாயின் வயிறு ஆழமாகி நெருங்கும் திறன் போய்விடும்.

பழகும்போது இன்னொரு படகோடு பக்கத்தில், ஐந்தாறு படகு நீள இடைவெளியில் ஓடுங்கள். இருவரும் ஒரே வேகத்துக்கு வந்த பிறகு ஒருவர் மட்டும் ஒன்றை மாற்ற வேண்டும்: டிராவலரை 10 சென்டிமீட்டர், அல்லது டவுன்ஹாலை, அல்லது உட்காரும் இடத்தை. இரண்டு நிமிடம் ஓடிப் பாருங்கள். முன்னேற்றமா பின்னடைவா என்று பக்கத்துப் படகு காட்டிக்கொடுக்கும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. நல்ல வேகம் கிடைத்த நிலையை மெயின்ஷீட்டிலும் ஜிப் கயிற்றிலும் மார்க்கரால் கோடிட்டு, டிராவலர் நின்ற இடத்தைப் பின்சட்டத்தில் குறித்துவையுங்கள். அடுத்த முறை அதே காற்றில் அந்தக் குறியிலிருந்தே தொடங்கலாம்.